சம்மட்டியும் தடித்த படகும்

சம்மட்டி என்ற பேரை அவளுக்கு யார் வைத்தது என்று கேட்டால், பழைய படகு உடைக்கிற யார்டில் ஆளுக்கு ஒரு கதை அளப்பார்கள். அதையெல்லாம் நம்ப வேண்டாம். நடந்தது இதுதான்.

அவள் புருஷன் பந்தயப் படகில் பாய் இழுக்கிறவன். சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்கு. வார நாளில் பட்டறையில் பெயின்ட் அடிப்பான், லீவு நாள் வந்தால் கடல். ஒருதரம் பந்தயத்துக்குப் போன படகு திரும்பி வரவே இல்லை. மறுநாள் அது குப்புறக் கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்ததைப் பார்த்து இழுத்து வந்தார்கள். அடியில் கத்தி மாதிரி தொங்க வேண்டிய இரும்புக் கீலைக் காணோம். அது இருந்த இடத்தில் போல்ட்டோடு பிய்த்துக்கொண்டு போன ஓட்டைதான் இருந்தது. பாய்மரப் படகு காற்றுக்கு எவ்வளவு சாய்ந்தாலும் மறுபடி நிமிர்வது அந்தக் கீலின் கனத்தால்தான். அது கழன்றால் கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதில் போனவர்களில் ஒருத்தன்கூட மிஞ்சவில்லை.

விசாரணை எல்லாம் முடிந்த பிறகு படகை உடைப்பு யார்டில் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு நாள் காலையில் அவள் கையில் நாலு வயசுப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு கேட்டில் வந்து நின்றாள். பெண்ணைக் காவல்காரரிடம் விட்டாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த சம்மட்டியை யாரையும் கேட்காமல் எடுத்தாள். பாவம், ரெண்டு அடி அடித்துவிட்டு உட்கார்ந்து அழுவாள் என்று எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் அழவில்லை. சாயங்காலம் வரைக்கும் அடித்தாள். கை தோல் உரிந்து பிடியெல்லாம் ரத்தம், அப்போதும் நிறுத்தவில்லை. அந்தப் படகின் ஓடு முட்டை ஓடு கனம்தான் இருந்தது, ஃபைபர் ரெண்டு பக்கம், நடுவில் நுரை. அடிக்க அடிக்கச் சில்லுச் சில்லாகப் போனது. இந்த லட்சணத்தில் ஒன்றை நம்பியா ஏறிப் போனாய் என்று ஒவ்வொரு அடிக்கும் செத்தவனைத் திட்டினாள். கடைசியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குவியல்தான் மிஞ்சியது.

யார்டு முதலாளி கணக்குப் போடத் தெரிந்த ஆள். எட்டு ஆள் செய்கிற வேலையை இவள் ஒருத்தி துக்கத்திலேயே முடித்துவிட்டாளே என்று பார்த்தார். நாளையிலிருந்து வேலைக்கு வா என்றார். அவளும் வந்தாள். அன்றைக்குப் பிடித்த பேர்தான் சம்மட்டி.

கொஞ்ச காலத்தில் பொக்லைன் ஓட்டவும் கற்றுக்கொண்டாள். வாளிக்குப் பதிலாக இரும்புத் தாடை மாட்டிய பொக்லைன். ஒரு கடியில் படகின் முதுகெலும்பை ஒடித்துப் போடும். யார்டில் ஆம்பளைகள் பாட்டுக் கேட்டுக்கொண்டே அதை ஓட்டுவார்கள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவாள். படகைப் பார்த்தால் பகையாளியைப் பார்த்த மாதிரி. அதிலும் புருஷனோடு போன ஜாதிப் படகு வந்தால் கேட்கவே வேண்டாம், சாப்பாட்டு நேரம்கூடப் பார்க்க மாட்டாள்.

படகு மேல் மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. மனுஷன் மேலும் கை நீளும். பழைய ஈயம் எடுக்க வந்தவன் ஒருத்தன் அவள் இடுப்பைப் பார்த்து ஏதோ சொன்னான் என்று அவன் முன்பல்லை உடைத்தாள். அது நியாயம், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டீ ஆறிப்போச்சு என்று கொண்டுவந்தவன் மேலேயே ஊற்றினாளே, அது என்ன நியாயம்? பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட்ட கயிற்றை அறுத்தாள். வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரரைப் படியில் தள்ளினாள். மூக்குக்கு மேலே கோபம் என்பார்களே, இவளுக்கு மூக்கு எது கோபம் எது என்றே பிரித்துச் சொல்ல முடியாது. அடித்த பிறகு வருத்தப்படுவாளா என்றால் படுவாள். அதை யாரிடமும் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான்.

டயர் கடை மாடியில் ரெண்டு அறை வீடு. முன் அறையில் சமையல், பின் அறையில் தாயும் மகளும். கீழே டயர் கழற்றுகிற சத்தம், மேலே இவள் சத்தம். பெண்ணுக்கும் அடி விழாமல் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு நேரே வீட்டுக்கு வராமல் படகுத்துறைப் பக்கம் போனாள் என்று விழும். சட்டையில் உப்புத் தண்ணீர்க் கறை இருந்தது என்று விழும். ஏன் என்று தெரிகிறதல்லவா? அவளுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு பெண். புருஷனை விழுங்கிய கடல் பெண்ணையும் விழுங்கிவிடும் என்ற பயம் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. பயம் என்று வாயால் சொல்லத் தெரியாதவள் கையால் சொன்னாள். பெண்ணுக்குக் கை மட்டும்தான் தெரிந்தது.

பெண்ணோ அப்பனை உரித்து வைத்தவள். பள்ளி விடுமுறைக்கெல்லாம் யார்டுக்கு வந்து காவல்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உடைக்கப் போகிற படகுகளைப் பார்த்துக் காகிதத்தில் வரைவாள். அம்மா கடித்துத் துப்புவதற்குள் இவள் வரைந்து முடித்துவிடுவாள். வளர்ந்ததும் படகு டிசைன் வரைகிற ஒரு ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். என்ன ஆபீஸ் என்று கேட்டதற்கு வீடு கட்டுகிற பிளான் போடுகிற இடம் என்று அம்மாவிடம் புளுகிவிட்டாள்.

அவளுக்குப் பழைய படகு என்றால் உயிர். அந்தப் பழையவற்றைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஃபைபர் கிளாஸ் புதிதாக வந்த காலத்தில் அதன் மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை. கண்ணாடி இழைத் துணியாம், அதில் ரெசினைத் தடவி அச்சில் ஒட்டினால் படகாம், இதென்ன கூத்து என்று டிசைன் போட்டவர்களே பயந்தார்கள். பயந்த பயத்தில் மரப் படகுக்கு என்ன கனமோ அதே கனம் வருகிற வரைக்கும் அடுக்கு மேல் அடுக்காக ஒட்டிக்கொண்டே போனார்கள். கீலைத் தனியாக மாட்டவும் இல்லை. முன்னாலிருந்து பின்னால் சுக்கான் வரைக்கும் உடம்போடு உடம்பாக நீளமாக வார்த்து, அதற்குள்ளேயே ஈயத்தை இறக்கி மூடினார்கள். கழன்று விழ அதில் ஒன்றுமே கிடையாது. ஒடுக்கமான உடம்பு, ரெண்டு முனையும் தண்ணீரைத் தொடாமல் நீண்டு நிற்கும். பார்க்க லட்சணம், ஓடுவது ஆமை. பின்னால் வந்தவர்களுக்கு ஆமை பிடிக்குமா? பந்தயத்துக்கு அளவெடுக்கிற விதியில் எங்கே சந்து கிடைக்கிறது என்று பார்த்துப் பார்த்து வயிற்றைப் பெருக்கி, வாலைச் சுருக்கி, ஓட்டின் கனத்தைக் குறைத்து, கீலைக் கத்தியாக்கிப் போல்ட்டில் தொங்கவிட்டார்கள். பின்காற்றில் விட்டால் பேய் பிடித்த மாதிரி பறக்கும். அப்படிப் பறந்ததில்தான் இவள் அப்பன் போனான்.

அப்படிப்பட்ட பழைய படகு ஒன்று யார்டின் பின்சுவர் ஓரம் வெகுகாலமாக நின்றது. சொந்தக்காரன் செத்து, வாரிசு கைகழுவி, உடைக்க வந்தது. சம்மட்டி ஒருதரம் அதை முயன்று பார்த்தாள். தாடை வழுக்கியது, பல் ஒன்று தெறித்தது, படகுக்கு ஒரு கீறல். அப்புறம் வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். தடியன் என்று அதற்குப் பேர்.

வீட்டில் வெடித்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பின் அறையில் மெத்தைக்கு அடியில் சுருட்டி வைத்திருந்த வரைபடங்கள் சம்மட்டி கையில் சிக்கின. பிரித்தால் படகு. அடுத்தது படகு. எல்லாம் படகு. ஆபீஸ் புளுகும் அதோடு வெளியே வந்தது. பந்தயப் படகு ஓட்டுகிற ஸ்கிப்பர் ஒருவரோடு லீவு நாளில் கடலுக்குப் போய் வருகிறாள் என்பதும் வந்தது. சம்மட்டி காகிதங்களைக் கிழித்தாள். பெண் தடுக்கவில்லை, நின்று பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பாவைக் கடல் கொல்லலம்மா. அந்தப் படகை வரைஞ்சவன் கொன்னான்."

அதைக் கேட்டதும் சம்மட்டிக்குக் கண்மண் தெரியவில்லை. வளைவு வரைவதற்கு வைத்திருக்கும் நீளமான மரச்சட்டம், வில்லாக வளையும், ஒடியாது. அதை எடுத்தாள். பெண் முதுகில், தோளில், தடுத்த கையில் வீசினாள். ஒடியாத சட்டம் ஒடிகிற வரைக்கும் அடித்தாள். பிறகு கையால் அடித்தாள். டயர் கடைக்காரர் மேலே ஓடி வந்து பிடித்து இழுத்ததில் அவருக்கும் ரெண்டு விழுந்தது. பெண் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. உதட்டில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்த போர்வையை மட்டும் சுருட்டி எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். வயசு இருபத்திரண்டு, யார் தடுக்க முடியும்?

ராத்திரிக்குள் வந்துவிடுவாள் என்று சம்மட்டி சோறு வடித்து மூடி வைத்தாள். வரவில்லை. ஒரு வாரம் வீம்புக்குத் தேடாமல் இருந்தாள். அதற்குப் பிறகு தேடாத இடமில்லை. ஆபீசில் கேட்டாள், லீவு போட்டிருக்கிறாள் என்றார்கள். தோழிகள் வீட்டுக் கதவைத் தட்டினாள், இவள் தலையைப் பார்த்ததும் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. போன் எடுக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. எங்கேயாவது கடலில் போய்ச் சேர்ந்திருப்பாளோ என்ற நினைப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வாள். யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் அவர்களுக்கும் மரியாதை கிடையாது.

பெண் எங்கே இருந்தாள் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் மூக்குக்கு அடியில், அதே யார்டில், தடியனுக்குள் இருந்தாள். பின்சுவர்க் கதவின் சாவி காவல்காரரிடம். அவருக்கு இந்தப் பெண் சின்னதிலிருந்து செல்லம். உதடு கிழிந்து வந்து நின்ற பெண்ணை எந்த மனுஷன் போ என்பான்? பகலில் வெளியே போய்விடு, வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு வா என்று ஏற்பாடு. வந்தவள் சும்மா இருந்தாளா? படகின் உள்பக்கத்தைச் சுரண்டினாள், கசிந்த இடத்தை அடைத்தாள், சாயங்காலத்தில் கிரைண்டரால் ஃபைபரைத் தேய்த்து வெள்ளைத் தூசியாகப் பறக்கவிட்டாள். இதை முதலாளியிடம் விலைக்குக் கேட்டு, சரிபண்ணி, தண்ணீரில் இறக்குவது என்று திட்டம். வரிசையில் கடைசியில் நிற்கிற படகுதானே, இதன் முறை வர ஒரு வருஷம் ஆகும் என்று காவல்காரர் தைரியம் சொல்லியிருந்தார். வரிசை மாறாது என்பது அவர் கணக்கு. சம்மட்டியின் கோபத்தை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அன்றைக்குக் காலையில் சம்மட்டி நேரே படகுத்துறைக்குப் போனாள். ஸ்கிப்பர் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். என் பெண் எங்கே என்றாள். சத்தியமாகத் தெரியாது, பார்த்தே ரெண்டு மாசமாகிறது என்றார் அவர். உண்மையைத்தான் சொன்னார், பாவம். இவளுக்கு அது பொய்யாகப்பட்டது. கயிறு சுற்றும் இரும்புப் பிடி பக்கத்தில் கிடந்தது, எடுத்து ஒரே வீச்சு. தாடை எலும்பு நகர்ந்துவிட்டது. அவர் மரப்பலகையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார், விரலிடுக்கில் ரத்தம் ஒழுகியது. நாலு பேர் சேர்ந்து இவளை இழுத்துக்கொண்டுபோய் வெளியே விட்டார்கள்.

சேதி அவளுக்கு முன்னால் யார்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. முதலாளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். போலீஸ் வந்தால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், இத்தனை வருஷம் பொறுத்தேன், இனிமேல் முடியாது, இன்றைய வேலையோடு கணக்கை முடித்துக்கொள் என்றார். பெண்ணை அடித்தே விரட்டினவள்தானே நீ என்றும் ஒரு வார்த்தை சேர்த்தார். அந்த வார்த்தையை அவர் விட்டிருக்க வேண்டாம்.

சம்மட்டி அவரைத் தாண்டிப் போனாள். நேரே பொக்லைனில் ஏறினாள். வரிசையில் முன்னால் நின்றவை எல்லாம் ஒல்லி ஓட்டுப் பந்தயப் படகுகள். ஒரு கடிக்குத் தாங்காது. அன்றைக்கு அவளுக்கு இருந்த ஆத்திரத்துக்கு அது போதாது. அடித்தால் திருப்பி எதிர்த்து நிற்கிற மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. வரிசையைச் சுற்றிக்கொண்டு பின்சுவருக்கு வண்டியை விட்டாள். இன்றைக்கு இந்தத் தடியனை ஒரு கை பார்க்கிறேன் என்றாள்.

காவல்காரர் அந்த நேரம் பார்த்து முன் கேட்டில் லாரிக்காரனோடு வாக்குவாதத்தில் இருந்தார். பெண் அன்றைக்கு வெளியே போகவில்லை, காய்ச்சல். காலையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

உடைப்பு யார்டில் ஒரு வழக்கம் உண்டு. தாடையை வைக்கும் முன்னால் என்ஜினை நிறுத்திவிட்டு, இறங்கி, படகின் வயிற்றில் சம்மட்டியால் மூன்று தட்டு தட்டி, காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பழைய படகுக்குள் போக்கிடம் இல்லாதவர்கள் வந்து படுத்திருப்பார்கள், குடித்துவிட்டு எவனாவது கிடப்பான், நாய் குட்டி போட்டிருக்கும். சம்மட்டி எவ்வளவு கோபத்திலும் இதை விட்டதில்லை. அன்றைக்கும் விடவில்லை. என்ஜினை நிறுத்தினாள், இறங்கினாள், தட்டினாள். காதை ஓட்டோடு வைத்துக் கேட்டாள். பேச்சு மூச்சில்லை. ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினாள்.

முதல் கடி பக்கவாட்டில். தாடை வழுக்கி, பெயின்ட் உரிந்து, உள்ளே பச்சையாக ஃபைபர் தெரிந்தது. படகு அசையவில்லை. ரெண்டாவது கடிக்கும் அதே கதை. அவளுக்கு வெறி ஏறியது. என்னையா பார்த்துச் சிரிக்கிறாய் என்று சொல்லித் தாடையை மேலே தூக்கினாள். ஓடு தடியாக இருந்தாலும் மேல்தளம் அப்படியில்லை, ரெண்டு ஃபைபருக்கு நடுவில் மரக்கட்டை வைத்திருப்பார்கள், தண்ணீர் கசிந்து அது மக்கிப் போயிருக்கும். அவளுக்கா தெரியாது? கேபின் கூரை மேல் முழுக் கனத்தையும் இறக்கினாள். கூரை மளமளவென்று உள்ளே போனது. பாய்மரத்தைத் தாங்குகிற உத்தரம் முறிகிற சத்தம் கேட்டது. படகு ஒரு குலுக்குக் குலுங்கியதில் அதைத் தாங்கி நின்ற இந்தப் பக்கத்து முட்டுக்கட்டைகள் தெறித்தன. தடியன் அப்படியே சாய்ந்து பொக்லைனின் கையில் வந்து முட்டி நின்றான்.

கிழிந்த கூரை வழியாக அவளுக்கு ஒரு போர்வை தெரிந்தது. நீலக் கட்டம் போட்டது. மூலையில் பழுப்பு நூலால் அவளே தைத்த ஒட்டு.

என்ஜினை நிறுத்தக் கை போனது, நிறுத்தவில்லை. படகு இப்போது பொக்லைனின் கையில் சாய்ந்து நிற்கிறது, கை கொஞ்சம் இறங்கினாலும் டன் கணக்கான ஈயத்தோடு புரண்டுவிடும். லீவரைப் பூட்டிவிட்டுக் குதித்தாள். முட்டி பெயர்ந்தது, உணரவில்லை. ஏணி வைத்து ஏறினாள். வாசல் கதவு நெளிந்து இறுகிவிட்டது. கூரைக் கிழிசலில் தலையை விட்டாள். உள்ளே தூசி. தூசிக்குள்ளிருந்து முனகல்.

அப்புறம் அவள் செய்ததைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பேசினால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மேலிருந்து போனால் உத்தரம் இன்னும் இறங்கும், பக்கவாட்டில்தான் ஓட்டை போட வேண்டும். சம்மட்டியை எடுத்து ஓட்டில் அடித்தாள். அடித்தது திரும்பி அவள் தோளுக்கே வந்தது. மறுபடி அடித்தாள். கணவன் செத்த படகு முட்டை ஓடாக நொறுங்கியதே, இது கல்லாக நின்றது. முதல் ரெண்டு கடியிலும் தாடை பெண்ணிடம் போகாமல் காத்தது இந்த ஓடுதான். இப்போது பெண்ணை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் இதே ஓடுதான். உடைந்துபோடா, உடைந்து தொலைடா என்று கத்திக் கத்தி அடித்தாள். அடிக்கிற இடத்தில் வெள்ளையாகப் பூத்தது, அவ்வளவுதான்.

காவல்காரர் ஓடி வந்தார். உள்ளே நம்ம பொண்ணும்மா என்று சொல்லி அழுதார். அவர் முகத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். விழுந்தவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி, கட்டர் கொண்டு வா என்றாள். மனுஷன் மூக்கில் ரத்தத்தோடு ஓடிப்போய்க் கொண்டுவந்தார். முதலாளியும் மற்றவர்களும் முட்டுக்கட்டைகளை மறுபடி அடித்து நிறுத்தினார்கள். சம்மட்டி முகமூடி இல்லாமல், கையுறை இல்லாமல், கட்டரை ஓட்டில் வைத்தாள். ஃபைபர் தூசி மூக்கிலும் கண்ணிலும் கையிலும் ஊசியாக ஏறியது. ஒரு சக்கரம் தேய்ந்தது, ரெண்டாவது வெடித்து அவள் முன்கையைக் கிழித்தது. துணி சுற்றக்கூட நிற்கவில்லை. சதுரமாக அறுத்து முடித்து உதைத்தாள். ஜன்னல் அளவுக்கு ஒரு துண்டு உள்ளே விழுந்தது, விரல் தடிமன்.

பெண் உள்ளே ஒருக்களித்துக் கிடந்தாள். முறிந்த உத்தரம் இடது காலின் மேல். முகமெல்லாம் வெள்ளை, காதோரம் சிவப்பு. சம்மட்டி தலையை உள்ளே நுழைத்ததும் அவள் கண் திறந்து பார்த்தாள். அம்மா ஜாக்கியை உள்ளே தள்ளி, உத்தரத்தைத் தூக்கி, பெண்ணை அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். கால் வெளியே வந்தபோது பெண் போட்ட கூச்சலில் முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ரெண்டு தடவை ஆபரேஷன். எலும்பு ரெண்டு இடத்தில் முறிந்து வெளியே வந்திருந்தது. காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று முதலில் சொன்ன டாக்டர், பிறகு கம்பி வைத்துக் காப்பாற்றிவிட்டேன், லேசாக விந்தி நடப்பாள் என்றார். சம்மட்டி வராந்தா பெஞ்சில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்தாள். வந்தவர் போனவரிடமெல்லாம் ஒரே பேச்சு. தட்டினேன், மூன்று தடவை தட்டினேன், காதை வைத்துக் கேட்டேன், சத்தமே இல்லை. நர்ஸிடம் சொன்னாள். கூட்டுகிற பெண்ணிடம் சொன்னாள். முதலாளி கணக்கை முடிப்பதாகச் சொன்னதை மறந்துவிட்டுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார், அவரிடமும் சொன்னாள். உன் மேல் தப்பில்லை என்றார் அவர். மூக்கில் பிளாஸ்திரியோடு வந்த காவல்காரரும் காய்ச்சலில் மாத்திரை போட்டுத் தூங்கிப்போயிருக்கும், எப்படிக் கேட்கும் என்றார். அந்தப் பேச்சை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவரை அடித்ததற்கு மன்னிப்புக்கூடக் கேட்டாள், அது உலக அதிசயம்.

பெண்ணுக்கு மயக்கம் தெளிந்து பேச வந்தபோது பகல் வெளிச்சம் கட்டில் மேல் விழுந்துகொண்டிருந்தது. சம்மட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை. அந்தப் படகை நீயே எடுத்துக்கொள், நான் தொட மாட்டேன் என்று சொல்ல நினைத்தாள். ஸ்கிப்பர் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்று சொல்ல நினைத்தாள். வாயைத் திறந்ததும் வந்தது பழைய பேச்சுதான்.

"தட்டினேன்டி. சத்தியமா தட்டினேன். நீ தூங்கிட்டிருந்திருக்கே, அதான் கேக்கல."

பெண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கலம்மா. கேட்டுச்சு."

சம்மட்டிக்குப் புரியவில்லை. கேட்டதா? கேட்டது என்றால் ஒரு குரல் கொடுக்க வேண்டியதுதானே, ஒரு கல்லை எடுத்துத் தட்ட வேண்டியதுதானே? உள்ளே இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை போதுமே.

"நீதான் தட்டறேன்னு தெரிஞ்சுது," என்றாள் பெண். "வெளியே வந்தா அடிப்பே. அதான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. மழை வருகிற மாதிரி இருந்தது, வெளியே வரவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். கூரை இறங்குகிறது, உத்தரம் முறிகிறது, அப்போதும் அந்தப் பெண்ணுக்கு இரும்புத் தாடையைவிட அம்மா கைதான் பெரிய பயமாக இருந்திருக்கிறது. இத்தனை வருஷம் இந்தக் கையால்தான் அவளைக் கடலிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பெண்ணின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிடக் கையைத் தூக்கினாள். பெண் சட்டென்று கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, முழங்கையால் தலையை மறைத்துக்கொண்டாள். ஊசி குத்தியிருந்த கைதான் அது, குழாய் இழுபட்டு வலித்திருக்கும். அதைக்கூடப் பார்க்கவில்லை.

தூக்கிய கையை என்ன செய்வதென்று சம்மட்டிக்குத் தெரியவில்லை. மெதுவாக இறக்கினாள். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். பெண் முழங்கை இடுக்கு வழியாக ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். அம்மா அசையவில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிந்து கழுத்துக்குள் போனது, துடைக்கவும் கையை எடுக்கவில்லை. நர்ஸ் வந்து பார்வை நேரம் முடிந்தது என்று சொல்லும்வரைக்கும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.